வெட்டுற பக்கத்துக்குப் பின்னால என்ட கதை

தம்பிமார், தங்கச்சிமார், நீங்க இந்த வேலைக்கு வந்து இன்னும் ஒரு மாசமும் ஆகல்ல. சித்திரக்கதை எழுதப் போறம் எண்டு சந்தோசத்தில இருக்கிறீங்க. நல்லம், இருங்க. எனக்கு முன்னால பேசினவர் தன்ட கதைய வாசிக்கப் புள்ளையள் தங்களுக்க அடிபட்ட விசயமெல்லாம் சொன்னார். என்னட்ட அப்பிடி ஒண்டும் இல்ல. நான் முப்பது வருசத்துக்குக் கிட்ட சித்திரக்கதை எழுதினன். அதுல கனக்க வருசம் ஒருத்தரும் என்ட கதைய வாசிக்கல்ல. புத்தகம் கிடைக்காம இல்ல, எழுத்துத் தெரியாம இல்ல. வேணுமெண்டே விட்டாங்க. சிரிக்காதீங்க தங்கச்சி, அந்தக் கதிரையில இருந்து கொண்டு நானும் ஒரு காலம் இப்பிடித்தான் சிரிச்சன்.

எங்கட கந்தோர் கல்லடியில, பாலத்துக்குக் கிட்ட ஒரு வீட்டின்ட முன்னறை. மாசம் ஒரு சிறுவர் புத்தகம் போடுவம். மொத்தம் மூண்டு பேர். எடிட்டர் முந்திப் படிப்பிச்சவ, அதால எல்லாருக்கும் அவ மிஸ்தான், என்னைவிட வயசு குறைஞ்சவ எண்டாலும் எனக்கும் மிஸ்தான். படம் கீறுறது றமீஸ், காத்தான்குடிப் பொடியன், கொம்பியூட்டர்ல கீறுவான், கை அப்பிடி ஒரு வேகம். மூண்டாவது நான். மத்தக் கதையளெல்லாம் வெளியில இருந்து வரும். என்ட நாலு பக்கக் கதை மட்டும் மாசம் தவறாம உள்ளுக்க இருந்தே வரும்.

புத்தகத்தின்ட நடுவில ஒரு வெட்டுற பக்கம் இருக்கும். முகமூடி, கிரீடம், மீன், காத்தாடி, ஏதாவது ஒண்டு. புள்ளையள் கத்தரிக்கோலால வெட்டி, மடிச்சு, கம் பூசி விளையாடுவாங்க. என்ட கதையின்ட கடைசிப் பக்கத்தத் திருப்பினா அந்தப் பக்கம் வரும். நான் அத ஒரு மரியாதையா எடுத்தன் பாருங்க. என்ட கதையில நல்லது படிச்ச கையோட புள்ளை விளையாடட்டும் எண்டு மிஸ் யோசிச்சிருக்கிறா எண்டு நினைச்சன். நாலஞ்சு வருசம் அப்பிடியே நினைச்சுக்கொண்டு திரிஞ்சன்.

ஒருக்கா ஆரையம்பதியில ஒரு பள்ளிக்கூடத்தில வாசிப்பு மாத விழா. என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. தலைப்பு, வாசிப்பின் பயன். வெள்ளை சேட்டு, கையில நாலு தாள் பேச்சு. எனக்கு முன்னால மூண்டாம் ஆண்டுப் புள்ளையள்ர குரங்கு நடனம். முப்பது குரங்கு மேடையில துள்ளுது. எல்லாத்துக்கும் எங்கட புத்தகத்தில வந்த முகமூடி. எனக்கெண்டா சந்தோசத்தில புளுகம் தாங்கல்ல. ஆட்டம் முடிஞ்சு இறங்கி வந்த ஒரு குரங்கப் பிடிச்சு, "எங்க மகள், காட்டு பாப்பம்" எண்டு முகமூடிய வாங்கித் திருப்பினன். உள்பக்கத்தில என்ட கதை. 'ஆகவே பிள்ளைகளே' எண்டு நான் எழுதின இடத்தில அவள்ர மூக்குக்கு ஓட்டை.

"இதின்ட பின்பக்கம் ஒரு கதை கிடக்கே மகள், வாசிச்சயா?" எண்டு கேட்டன்.

"எது, விரல் கதையா?"

"என்ன விரல்?"

அந்தச் சின்னக் குரங்கு இடுப்பில ஒரு கைய வெச்சு, மத்தக் கையின்ட சுட்டு விரல என்ட மூக்குக்கு நேர நீட்டி ஆட்டிச்சு. "கடைசிக் கட்டத்தில இப்பிடி ஒராள் நிப்பாரே, அது. நாங்க முதல் அதத்தான் பாப்பம். விரல் இருந்தா வாசிக்கத் தேவையில்ல, வெட்டலாம்."

மறுகா நான் மேடையில ஏறி வாசிப்பின் பயனைப் பற்றி இருவது நிமிசம் பேசினன். என்ன பேசினன் எண்டு என்ட குலதெய்வத்துக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் கந்தோருக்கு வெள்ளனாவே போனன். சண்டை பிடிக்கத்தான் போனன், உங்களிட்ட ஏன் மறைப்பான். மிஸ் பிளேன்ரீ குடிச்சிக்கொண்டு புரூஃப் பாத்திட்டு இருந்தா.

"மிஸ், வெட்டுற பக்கத்துக்குப் பின்னால என்னத்துக்கு எப்பவும் என்ட கதைய மட்டும் போடுற?"

அவ நிமிந்து பாத்தா. பொய் சொல்ல ஒரு நொடி யோசிச்சவ மாதிரித்தான் இருந்த, மறுகா மனசு மாறிட்டா. "அண்ணன், வெட்டுற பக்கத்துக்குப் பின்னால ஆருடைய கதையாவது போகத்தானே வேணும். முதல்ல மத்தாக்களுடையத மாறி மாறிப் போட்டுப் பாத்தன். ஒவ்வொரு முறையும் புள்ளையள்ர கடிதம் வந்த, கதை வெட்டுப்பட்டுப் போச்சு எண்டு. பெத்தவங்க போன்ல ஏசினாங்க. உங்கடைய போட்டன். ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல."

"ஒரு கடிதமும் வரல்லயா?"

"ஒண்டும் வரல்ல அண்ணன்."

"நாலஞ்சு வருசத்திலயா?"

அவ எனக்கும் ஒரு கப் தேத்தண்ணி ஊத்தித் தந்தா. சீனியும் கூடப் போட்டா. அந்தச் சீனிதான் எனக்குச் சுட்ட.

என்ட வில்லங்கத்துக்கு அந்தக் காலம்தான் நாட்டில காகிதத் தட்டுப்பாடு. நீங்க அப்ப பள்ளிக்கூடத்தில இருந்திருப்பீங்க, சோதினைக்கே தாள் இல்லாம கிடந்த காலம். அச்சகத்தில கைய விரிச்சிட்டாங்க. புத்தகத்தில எட்டுப் பக்கம் குறைக்க வேணும் எண்டு முடிவாச்சு. எட்டுப் பக்கம் எண்டா ரெண்டு கதை. ஒண்டு வெளியில இருந்து வந்த கதை, அது போயிட்டு. மத்தது எது எண்டு கேக்கவும் வேணுமா?

மிஸ் நல்லவ. எனக்கு மூண்டு மாசம் தந்தா. "ஒரு புள்ளை, அண்ணன். ஒரே ஒரு புள்ளை கதை வெட்டுப்பட்டுப் போச்செண்டு கேட்டா, நான் மத்த எதையாவது குறைச்சிட்டு உங்கடைய வைப்பன்" எண்டா. அம்பத்தேழு வயசில எனக்கு வேற என்ன வேலை தெரியும் சொல்லுங்க. கரைவலை இழுக்கவும் ஏலா, கடை போடவும் தெரியா. ஒரு புள்ளையின்ட முறைப்பாட்டில என்ட மானம், என்ட கதிரை எல்லாம் தொங்கின.

முதல் மாசம் நான் என்ன செய்தன் எண்டு சொன்னா நீங்க துப்புவீங்க. கதைக்குள்ள சண்டையக் கூட்டினன். கடல் கொள்ளைக்காரன், தீப்பந்தம், கத்தி, வெடி, ஒண்டுக்கும் குறைவில்ல. கடைசிக் கட்டத்தில ஒரு மூத்த மாலுமி வந்து விரல நீட்டி, 'பேராசை கூடாது பிள்ளைகளே' எண்டார். றமீஸ் அத ஒட்டி முடிச்சிட்டு என்னைப் பாத்தான்.

"அண்ணன், கோவிக்கப்படா, ஒண்டு சொல்லட்டா?"

"சொல்லு."

"உங்கட விரல் என்ட கொம்பியூட்டர்ல தனி ஃபைலாக் கிடக்கு. மாசா மாசம் எடுத்து ஒட்டுற. சட்டைக் கையின்ட நிறத்த மட்டும்தான் மாத்துவன்."

"எத்தின வருசமா?"

"நான் வேலைக்கு வந்த நாள்ல இருந்து. ஒரே விரல்தான் அண்ணன். ஆசிரியர், மீன்காரன், ராசா, முனிவர், எல்லாருக்கும் ஒரே விரல்."

நான் கோவிச்சன்தான். "உனக்குக் கீறப் பஞ்சி, சோம்பேறித்தனம், அத மறைக்க என்ட கதையில குறை பிடிக்கிறாய்" எண்டு எறிஞ்சு விழுந்தன். அந்த மாசமும் கடிதம் இல்ல. கொள்ளைக்காரனெல்லாம் அந்த மாசம் வெட்டுற பக்கத்தில வந்த வண்ணாத்திப்பூச்சியின்ட செட்டைக்குப் பின்னால போயிட்டானுகள்.

ரெண்டாம் மாசம் நான் செய்ததத்தான் நீங்க கவனமாக் கேக்க வேணும். கூச்சத்தை விட்டுச் சொல்றன். நானே கடிதம் எழுதினன்.

ஓம். ஒரு கோடு போட்ட கொப்பியில இருந்து தாள் கிழிச்சன். சின்னப்புள்ளை எழுத்து மாதிரி வரவேணும் எண்டு இடது கையால எழுதினன். கல்லடித் தபால் முத்திரை விழுந்தா பிடிபட்டிருவன் எண்டு பஸ் ஏறி வாழைச்சேனைக்குப் போய், அங்க தபால் பெட்டியில போட்டன். அந்த டீசல் இல்லாத காலத்தில, ஒரு கால் மிதிபலகையிலயும் மத்தக் கால் ஆருடையவோ காலிலயும். திரும்பி வரக்குள்ள என்ட கெட்டித்தனத்த நினைச்சு நானே சிரிச்சன்.

மூண்டு நாளால கடிதம் வந்த. மிஸ் உடைச்சா. றமீஸும் நானும் இருக்கக்குள்ள சத்தமா வாசிச்சா.

"மேன்மைதங்கிய ஆசிரியர் அவர்களுக்கு, நான் மூன்றாம் ஆண்டில் கல்வி பயிலும் சிறுமி. விழுமியங்கள் பொதிந்த இத்தகைய கதையின் பின்புறத்தைக் கத்தரிக்க நேர்வது கண்டு என் உள்ளம் மிகவும் வேதனையுறுகின்றது..."

றமீஸ் மேசைக்குக் கீழ குனிஞ்சான், பேனா விழுந்ததாம். எழும்பவே இல்ல, முதுகு மட்டும் குலுங்கின. மிஸ் முகத்தில ஒரு சிரிப்பும் இல்ல. கடைசி வரி வரைக்கும் வாசிச்சா. கடைசி வரி என்ன தெரியுமா, 'ஆகவே சிறுவர்களாகிய நாம் நூல்களைப் பேணப் பழகுவோமாக.'

தாளை மடிச்சு என்ட கையில தந்தா. "அண்ணன், இந்தக் கடிதத்திலயும் விரல் இருக்கு" எண்டா.

எனக்குச் செத்திரலாம் போல இருந்த. வெக்கம் ஒரு பக்கம். அதைவிட, எட்டு வயசுப் புள்ளை எப்பிடிக் கதைக்கும் எண்டே தெரியாம நான் இவ்வளவு காலம் எட்டு வயசுப் புள்ளைக்கு எழுதியிருக்கிறன் எண்டு விளங்கினதுதான் கூட நொந்த. மிஸ் என்னை நிப்பாட்டியிருக்கலாம், அந்த இடத்திலயே. நிப்பாட்டல்ல. "இன்னும் ஒரு மாசம் கிடக்கு" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு புரூஃபுக்குத் திரும்பிட்டா. தம்பிமார், வாசகர் இல்லாட்டி இல்லாமலே இருங்க. நீங்களே வாசகராகி உங்களுக்கு எழுதாதீங்க. அந்தப் பஸ் காசும் வீண், காலும் வீங்கும்.

மூண்டாம் மாசம் எழுத உக்காந்தா ஒண்டும் வரல்ல. என்னத்தப் படிப்பிக்கிற எண்டு யோசிச்சுத்தான் நான் கதை தொடங்குவன், பழக்கம் அது. இந்த முறை படிப்பிக்க என்னட்ட ஒண்டும் மிஞ்சல்ல. ஜன்னலால பாத்தா கல்லடிப் பாலத்துக்குக் கீழ தாரா வாத்து நாலஞ்சு போகுது. அதுல ஒண்டு கரையிலயே நிண்டு கத்துது, தண்ணிக்குள்ள இறங்கமாட்டன் எண்டு. அதையே எழுதினன். நீந்தத் தெரியாத ஒரு தாரா, வாவிக்கு அந்தப் பக்கம் டவுனுக்குப் போக நினைக்குது. பாலத்தால போனா மத்தத் தாரா எல்லாம் சிரிக்கும் எண்டு, ஒரு தேங்காய் மட்டையில ஏறிக் குந்திக்கொண்டு போகுது. நடுவில மட்டை கவிழுது. கடைசிக்கு முதல் கட்டத்தில தாராவக் காணல்ல, தண்ணியில வளையம் மட்டும். கடைசிக் கட்டத்தில அந்தக் கரை, நனைஞ்ச தாரா, பக்கத்தில தோணியில ஒரு மீன்காரர்.

அந்த மீன்காரருக்கு நான் வசனம் எழுதியிருந்தன். எழுதாம விடுவனா? 'துணிந்து இறங்கினால் எதையும் கற்கலாம்.'

அச்சகத்துக்கு ஃபைல் அனுப்புற நாள். ஒரு மணிக்குக் கரண்ட் போகும், தினம் போற நேரம் அது. போனா மறுகா பின்னேரம்தான் வரும், அதுக்குள்ள அச்சகத்தில மெசினை மத்த வேலைக்குக் குடுத்திருவாங்க. பன்னிரண்டே முக்காலுக்கு றமீஸ் கடைசிக் கட்டத்தில நிக்கிறான். மீன்காரர் தோணியில நிக்கிறார், கை இன்னும் இல்லாம.

"அண்ணன், விரல ஒட்டட்டா?"

அந்த விரல் இல்லாட்டி கதை என்னத்துக்கு எண்டு எனக்கு மெய்யாலும் தெரியல்ல. ஒரு தாரா, ஒரு மட்டை, இதையா நான் இவ்வளவு வயசுக்குப் பிறகு புள்ளையளுக்குக் குடுக்கப் போறன்? அதோட இது கடைசி மாசம். என்ட பேரில கடைசியா வரப்போற கதை. கடைசியா ஒரு நல்ல வார்த்தை சொல்லாமப் போறதா?

"அண்ணன், பத்து நிமிசம்."

"வேணாம்" எண்டன்.

"என்ன வேணாம்?"

"விரல் வேணாம். மீன்காரரும் வேணாம், தூக்கு."

"வசனம்?"

"அதையும் தூக்கு. தாரா மட்டும் நிக்கட்டும்."

அவன் திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தான். "அல்லாஹ்வே, மெய்யாவா?" எண்டான். நான் மனசு மாறிருவன் எண்டு பயந்துதானோ என்னவோ, டக்கெண்டு அழிச்சு, அனுப்பிட்டான். ஒரு மணிக்குக் கரண்ட் போச்சு. எனக்குச் சட்டை போடாம கடைத்தெருவுக்குப் போன மாதிரி இருந்த.

புத்தகம் வந்த. அந்த மாசம் வெட்டுற பக்கம் ஆந்தை முகமூடி, வட்ட முகம். வட்டமா வெட்டினா தாளின்ட நாலு மூலையும் போயிரும். என்ட கடைசிக் கட்டம் கீழ் மூலையில. எனக்கு அதெல்லாம் யோசிக்கவே நினைப்பு இல்ல. மேசை லாச்சியத் துப்புரவாக்கிக்கொண்டு இருந்தன், என்ட பழைய பேனை, கண்ணாடிக் கூடு எல்லாம் ஒரு பையில போட்டாச்சு. ஒரு கிழமை போச்சு, ரெண்டு கிழமை போச்சு. ஒரு கடிதமும் வராம ஒராள் பையக் கட்டுறதப் பாக்கிறது மிஸ்ஸுக்கும் கஷ்டமா இருந்திருக்கும், அவ அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

மூண்டாம் கிழமை ஒரு நாள் காலமை மிஸ்ஸின்ட போனில வாட்ஸ்அப் குரல் ஒண்டு வந்த. அவ காதில வெச்சுக் கேட்டா. மறுகா போனை மேசையில வெச்சு, சத்தத்தக் கூட்டி, திரும்பப் போட்டா.

ஒரு பொம்புளப்புள்ளையின்ட குரல். அழுகையும் கோவமும் ஒண்டா. "மிஸ், நான் களுவாஞ்சிக்குடியில இருந்து கதைக்கிறன். நான் ஆந்தைய வெட்டிட்டன். வெட்டிப்போட்டு கம் பூசக்குள்ளதான் பின்பக்கம் பாத்த. அந்தத் தாரா தண்ணிக்க விழுந்திட்டு. அதுக்கங்கால மூலை இல்ல. மூலைய அம்மா கூட்டி அள்ளி எரிச்சிட்டா..." பின்னால ஒரு அம்மாவின்ட குரல், "நான் என்ன செய்ய, குப்பைதானேகா கிடந்த." புள்ளை விடல்ல. "வகுப்பில எல்லாருட்டயும் கேட்டன் மிஸ். எல்லாரும் வெட்டிட்டாங்க. ஒருத்தருட்டயும் மூலை இல்ல. தாரா செத்திட்டா? என்னத்துக்கு மிஸ் கதைக்குப் பின்னால வெட்டுறதப் போடுற? உங்களுக்கு அறிவில்லயா?" மறுகா அம்மா, "ஏய், மிஸ்ஸுக்கு அப்பிடியா சொல்ற, போனத் தா இஞ்ச." அதோட முடிஞ்ச.

நான் அழுதன். வெக்கப்பட ஒண்டுமில்ல, அழுதன்தான். றமீஸ் எழும்பி வந்து என்ட பைய எடுத்து, கண்ணாடிக் கூட்டத் திரும்ப லாச்சிக்குள்ள வெச்சான்.

மிஸ் மூக்க உறிஞ்சிக்கொண்டு, "அப்ப அடுத்த மாசம் வெட்டுற பக்கத்துக்குப் பின்னால ஆருடையதப் போடுற?" எண்டா. அவளே கொஞ்சம் யோசிச்சா. "என்ட ஆசிரியர் தலையங்கத்தப் போடு றமீஸ். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." அதுதான் நடந்த. ஒருத்தரும் கேக்கவும் இல்ல.

அண்டைக்கு அதைச் சொல்லிப்போட்டு போனை என்ட பக்கம் தள்ளினா. "புள்ளை காத்துக்கொண்டு இருக்கும். நீங்களே பதில் சொல்லுங்க அண்ணன்."

போனைக் கையில எடுத்தன். பட்டனை அமத்திப் பிடிச்சன். "மகள்" எண்டன். உடனே எனக்குள்ள இருந்து எல்லாம் எழும்பி வருது, துணிவு, முயற்சி, நம்பிக்கை, ஆகவே மகள். தொண்டை வரைக்கும் வந்திட்டு. றமீஸ் என்ட வாயையே பாத்துக்கொண்டு நிக்கிறான், மிஸ் கண்ண மூடிட்டா.

"தாரா சாகல்ல மகள். அந்தக் கரைக்குப் போயிட்டு" எண்டன். பட்டனை விட்டன்.

அவ்வளவுதான். மூண்டு பேரும் போனையே பாத்துக்கொண்டு இருந்தம். புள்ளை கேட்டிட்டுது எண்டு அடையாளம் விழுந்த. எனக்கு, ஐயோ, இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமே எண்டு கை துடிக்குது. அப்ப ஒரு குரல் வந்த, ஒரு நொடிக்கு மேல இல்லாத குரல். அழுகையெல்லாம் போயிட்டு.

"மறுகா?"

அவ்வளவு வருசத்தில ஒருத்தரும் என்னட்ட பிறகென்ன எண்டு கேட்டதில்ல. அந்தக் கரைக்குப் போன தாரா டவுனுக்குள்ள என்ன செய்யப் போகுது எண்டு எனக்குச் சத்தியமா ஒண்டும் தெரியல்ல. நான் கதிரைய இழுத்துப் போட்டு ஒரு தாளை எடுத்தன். றமீஸ் கொம்பியூட்டரத் திறந்தான்.

"எத்தின பக்கம் வேணும் அண்ணன்?" எண்டு கேட்டா மிஸ்.